மென்பொருட்கும் பாயிரம் வேண்டும்

திருப்பூர்ப் புகைவண்டி நிலையத்திற்கு அணித்தே காதர்பேட்டை என்னும் கடைத்தெரு உளது. பின்னலாடைக்குப் பேர்போன அவ்வூரில் பனியனும் சட்டையும் சிறுவர் உடையும் மொத்தமாக விலைபோகும் இடம் அது. ஏற்றுமதிக்குப் போக எஞ்சியவையும், சிறு குறையால் தள்ளப்பட்டவையும் ஆங்கு வந்து குவியும். அண்டை மாநில வணிகரும் அதற்கப்பாலுள்ளாரும் வந்து கொள்முதல் செய்வர். அவருட் பலர்க்குத் தமிழ் தெரியாது. கடைக்காரர் பலர்க்கு அவர்தம் மொழி தெரியாது. ஆயினும் வாணிகம் நடந்துகொண்டே இருக்கின்றது. எதனால்? பெட்டியின்மேல் ஒட்டிய ஒரு சீட்டினால். உள்ளிருப்பது என்ன உடை, அளவு எண்பதா எண்பத்தைந்தா தொண்ணூறா, எத்தனை உருப்படி, என்ன நிறம் என்பவை அதில் இருக்கும். பெட்டியைப் பிரியாமலே, தனக்கு வேண்டியது இதுவா அன்றா என்பதை வாங்குவோன் அறிந்துகொள்கிறான். பஞ்சு எங்கு விளைந்தது, நூல் எவ்வாலையில் நூற்றது, பின்னிய பொறி எந்நாட்டது என்பவற்றை எந்தக் கடைக்காரரும் சீட்டின் தலைப்பில் அச்சிட்டு வைப்பதில்லை.

நிற்க. இற்றை நாளில் தமிழுக்கென நம் இளைஞர் ஆக்கியளிக்கும் கட்டற்ற மென்பொருள்கள் பல. நிரலை எவரும் படிக்கலாம், மாற்றலாம், பிறர்க்குக் கொடுக்கலாம் என்னும் இசைவோடு வருபவை அவை. பிழை திருத்துவன, சொல்லைப் பகுத்துக் காட்டுவன, எழுத்துருவை மாற்றித் தருவன, கணக்கெழுத உதவுவன எனப் பல திறத்தன. ஊதியம் கருதாது இரவும் பகலும் உழைத்து ஆக்கியவை. அவற்றுட் பலவற்றை, ஆக்கியோரும் அவர்தம் நண்பர் இருவர் மூவரும் தவிர வேறெவரும் எடுத்தாளக் காணோம். தமிழர்க்கு உணர்ச்சி இல்லை என்று நொந்துகொள்வது நம்மிடை வழக்கமாகிவிட்டது. உணர்ச்சி இருந்து வந்தவனையும் வாயிலில் நிறுத்தித் திருப்பியனுப்பிவிட்டோமா என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பெட்டி இருக்கின்றது, சீட்டு இல்லை. சிக்கல் அவ்வளவே.

மென்பொருளோடு ஒரு முதற்பக்கக் கோப்பை எழுதிவைப்பது 1970-களிலிருந்தே வரும் வழக்கு. ‘என்னைப் படி’ என்னும் பொருளில் ஆங்கிலர் அதனை ‘ரீட்மீ’ என்பர். 2008-இல் தொடங்கப்பெற்ற கிட்ஃகப் போலும் தளங்களில் ஒரு மென்பொருளைத் தேடிச் சென்றால், நிரற்கோப்புகளின் பட்டியலுக்குக் கீழே விரிந்து தோன்றுவது அக்கோப்பே. புதியவன் ஒருவன் அம்மென்பொருளைப் பற்றி முதலில் கேட்கும் குரல் அதுதான். பெரும்பாலும் இறுதியாகக் கேட்பதும் அதுதான். பத்து வரிக்குள் தனக்கு இது பயன்படுமா என்று தெரியாவிடின் அவன் போய்விடுகிறான்.

நம் மென்பொருள்களின் முதற்பக்கங்கள் எவ்வாறு தொடங்குகின்றன? பெயர் சுட்ட வேண்டா. ஒரு மாதிரியை யாமே புனைந்து காட்டுகின்றோம். “இஃது ஒருங்குறி இணக்கமுடைய, கட்டகவாரியான, நீட்சிக்கு இடந்தரும் உருபனியல் பகுப்பாய்வுச் சட்டகம்; சார்புகளை நிறுவியபின் மெய்நிகர் சூழலில் தொகுத்துக்கொள்க.” இத்தகைய வரியைப் படிக்கும் நம் அன்பர் சிலர், “ஆகா! ஓர் ஆங்கிலச் சொல்லும் இல்லை” என மகிழ்வர். ஆங்கிலச் சொல் இல்லை என்பது மெய்யே. பொருளும் இல்லை என்பதையும் உடன் சொல்லவேண்டும். நிரல் அறிந்தவன் இவ்வரியை உள்ளத்துள் ஆங்கிலத்திற்குப் பெயர்த்தே பொருள் காண்கின்றான். அறியாதவனுக்கு அதுவும் இயலாது. ஆங்கிலம் தெரிந்தவர்க்கு மட்டும் விளங்கும் தமிழ் ஒன்றைப் படைப்பதற்கோ நாம் இத்துணைப் பாடுபட்டோம்?

அதே மென்பொருளை இவ்வாறு அறிமுகப்படுத்தலாம்: “‘மரங்களிலிருந்து’ என்று நீங்கள் எழுதினால், அதன் அடிச்சொல் ‘மரம்’ என்று இக்கருவி பிரித்துக் காட்டும். அகரமுதலி ஆக்குவோர்க்கும், பெரிய நூலொன்றில் ஒரு சொல் எத்தனை இடங்களில் வருகின்றது என எண்ண விழைவோர்க்கும் இது பயன்படும். வினைச்சொற்களை இன்னும் செவ்வையாகப் பிரிக்காது. இதனை இயக்கக் கணிப்பொறியில் பைத்தான் இருத்தல் வேண்டும். இல்லையெனின் அதனை எவ்வாறு பெறுவது என்பது கீழே உள்ளது.” இதிலும் ஆங்கிலக் கலப்பில்லை, பைத்தான் என்பது ஒரு நிரல்மொழியின் இடுபெயர். வேறுபாடு, முன்னது தன்னைப் பற்றிப் பேசுகின்றது, பின்னது வந்தவனைப் பார்த்துப் பேசுகின்றது என்பதே.

தூய தமிழ் வேறு, அருந்தமிழ் வேறு என்பதை நம்மனோர் இன்னும் நன்கு உணரவில்லை. பிறமொழிச் சொல்லை நீக்கிய இடத்தில் எவரும் கேளாத ஒரு சொல்லை வைத்துவிட்டுப் பொருள் விளக்காது போவது, கல்லை எடுத்த இடத்தில் குழியை விட்டுப்போவதை ஒக்கும். புதுச்சொல் வேண்டும், பெருக வேண்டும். ஆனால் அதனை முதன்முதல் வழங்கும் இடத்திலேயே அது செய்யும் வேலையையும் ஒருவரியிற் சொல்லிவிடல் வேண்டும். முதற்பக்கத்தில் மூன்று புதுச்சொற்குமேல் வருமாயின், அஃது அறிமுகமன்று, அகரமுதலி.

இனி, இதற்கு நெறி கற்க மேலைநாட்டைப் பார்க்கவேண்டும் என்று எண்ணுவோர்க்கு ஒன்று சொல்லுவோம். ஒரு நூலுக்குள் புகுவோனுக்கு முன்னே என்ன சொல்லவேண்டும் என்பதைத் தமிழர்போல் நுணுகி ஆய்ந்து வகுத்துவைத்தோர் மிகச் சிலரே. அதற்குப் பாயிரம் எனப் பெயரிட்டு, முகவுரை, நூன்முகம், அணிந்துரை, புறவுரை எனப் பிற பெயர்களும் கொடுத்து, ஓர் இலக்கணமே செய்துவைத்தனர். நன்னூல் பாயிரத்தையே முதலாகக் கொண்டு தொடங்குகின்றது. எத்துணை விரிந்த நூலாயினும் பாயிரம் இல்லாதது நூலாகாது என்பது பவணந்தியார் துணிபு. அவர் கொங்குநாட்டவர் என்றும், பெருந்துறைக்கு அண்மையிலுள்ள சீனாபுரமே அவரூர் என்றும் கூறுவர். அது மெய்யாயின், காதர்பேட்டையிலிருந்து ஒரு பொழுதில் சென்று மீளும் தொலைவில் இவ்விலக்கணம் பிறந்தது எனலாம்.

சிறப்புப்பாயிரத்தில் எட்டுச் செய்திகள் இருத்தல் வேண்டும் என்பர். நூலின் பெயர், அதைச் செய்தவர் பெயர், எந்நூலின் வழிவந்தது, எவ்வெல்லைக்குள் வழங்குவது, எவ்வாறு யாக்கப்பட்டது, எதனைப் பற்றியது, யார் கேட்பதற்கு உரியது, கேட்டால் என்ன பயன் என்பவை அவை. காலம், களம், கரணியம் ஆகிய மூன்றையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர். இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, இன்று உலகெங்கும் நன்கு எழுதப்பட்டனவெனப் போற்றப்பெறும் மென்பொருள் முதற்பக்கங்களோடு ஒத்துப் பார்க்க. பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தி வரும். ‘வழி’ என்பதையே காண்க. முதனூல், வழிநூல், சார்புநூல் என நம் முன்னோர் பகுத்தனர். கட்டற்ற மென்பொருளிலும் ஒருவர் ஆக்கியதை மற்றொருவர் எடுத்து வேறுபடுத்தி வழிநூல் செய்வதே நடைமுறை. எதிலிருந்து எடுத்தது என்று சொல்லாதது அங்கும் குற்றம், இங்கும் குற்றம்.

எட்டனுள்ளும் நம்மவர் அடியோடு மறந்தது ‘கேட்போர்’ என்பதை. இம்மென்பொருள் யாருக்கு? நிரல் எழுதுவோனுக்கா, அதனை எடுத்து ஆளும் கடைக்காரனுக்கா, மொழிபெயர்ப்பில் கைகொடுக்க வரும் ஆசிரியனுக்கா? மூவர்க்கும் ஒரே பக்கத்தில் ஒரே மூச்சில் விடைசொல்லப் புகுந்தால் மூவர்க்கும் விளங்காது. 2017-ஆம் ஆண்டு சூலை முதல்நாள் சரக்கு-சேவை வரி நடைமுறைக்கு வந்தபின், அவ்வரியின் வரம்புக்குட்பட்ட சிறு வணிகரும் இணையவழியே கணக்குக் காட்டவேண்டியவராயினர். காதர்பேட்டையிற் பத்தடிக்குப் பத்தடிக் கடை வைத்திருப்பவர் ஒருவர், தமிழிலேயே சரக்கிருப்பு எழுதும் கருவி உண்டா என்று தேடி வருகின்றார் என்று கொள்வோம். அவர் காண்பது “முனையத்தைத் திறந்து களஞ்சியத்தை நகலெடுக்க” என்னும் கட்டளை. அவருக்கு முனையம் என்றால் ஊர்தி நிற்குமிடம். களஞ்சியம் என்றால் நெற்குதிர். அவர் நகைத்துவிட்டு ஆங்கிலக் கருவியையே விலைகொடுத்து வாங்கிக்கொள்கின்றார். அன்றுமுதல் அக்கடையின் சரக்குப் பெயரெல்லாம் ஆங்கிலத்திலேயே ஏறும். விலைச்சீட்டு ஆங்கிலத்திலேயே அச்சாகும். அக்கடையில் வேலைகற்கும் இளைஞன் கணக்கு என்றாலே ஆங்கிலம் என்று எண்ணி வளர்வான். நாம் இழந்தது ஒரு வாடிக்கையாளரை மட்டுமன்று.

‘எல்லை’ என்பதும் அங்ஙனமே. தொல்காப்பியப் பாயிரம் வடக்கே வேங்கடமும் தெற்கே குமரியும் சுட்டி எல்லை வகுத்தபின்னரே மேற்செல்கின்றது. இந்நூல் எந்நிலத்து மொழிக்கு உரியது என்பது முதலிலேயே தெரிந்துவிடுகின்றது. நம் மென்பொருள் முதற்பக்கமோ எல்லாம் செய்யும் என்று முழங்கும். எந்தக் கணிப்பொறியில் இயங்காது, எதனை இன்னும் செய்யாது என்பதை மறைக்கும். புதியவன் இரண்டு நாழிகை முட்டிமோதியபின், அது தன் கணிப்பொறியில் இயங்காது என்பதை அறிவான். அவன் பிறகு அக்கருவியை மட்டுமா வெறுப்பான்? தமிழ்க்கருவி எல்லாமே இப்படித்தான் என்பான். செய்யாததை முன்னே சொல்லுதல் இழுக்கன்று. சிறு குறையுள்ள துணியைக் குறையுள்ளது என்றே சொல்லி விற்கும் கடைக்குத்தான் வாங்குவோர் மீண்டும் வருவர்.

‘காலம்’ பற்றிச் சுருங்கச் சொல்வோம். எந்த ஆண்டு எந்தத் திங்களில் இறுதியாகத் திருத்தியது என்பதை எழுதுக. கைவிட்டுவிட்டீர்களாயின் கைவிட்டோம் என்று எழுதுக. இறந்த மென்பொருளின் வாயிலில் விளக்கேற்றி வைத்து வருவோரை ஏய்க்க வேண்டா.

பாயிர இலக்கணத்துள் யாம் பெரிதும் வியப்பது பிறிதொன்று. சிறப்புப்பாயிரத்தை நூலாசிரியன் தானே செய்துகொள்ளலாகாது. அவன் ஆசிரியன், உடன்கற்றோன், மாணாக்கன், உரைகாரன் ஆகியோருள் ஒருவர் செய்தல் வேண்டும் என்பது மரபு. தொல்காப்பியத்திற்குப் பாயிரம் செய்த பனம்பாரனாரும் தொல்காப்பியரோடு உடன்கற்றவர் என்பர். தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பதே இதற்குக் கூறும் கரணியம். மென்பொருளைப் பொறுத்தவரை இன்னொரு கரணியமும் உண்டு. ஆக்கியவனுக்குத் தான் அறிந்தவை எவை, பிறர் அறியாதவை எவை என்னும் பகுப்பே மறைந்துபோகின்றது. ஈராண்டு ஒரு நிரலோடு வாழ்ந்தவன், முதல்நாள் அது தனக்கே எத்துணை இருளாயிருந்தது என்பதை நினைவுகூர இயலாது. சென்ற கிழமை கற்றுத் தேர்ந்தவனுக்கு ஒவ்வோர் இடறலும் நினைவிலிருக்கும். ஆகலின், முதற்பக்கத்தை எழுதும் பணியை அண்மையில் வந்த மாணாக்கனிடம் விடுக; பிழை நீக்குவதை மட்டும் ஆக்கியோன் செய்க. நம் குழுக்களிலோ இது தலைகீழாய் உள்ளது. புதியவனுக்குக் கடினமான நிரல் வேலையைக் கொடுத்துவிட்டு, அறிமுகப் பக்கத்தைத் தலைவரே எழுதுவார்; அதுவும் வெளியீட்டுநாள் இரவில், அரைகுறை உறக்கத்தில்.

அதங்கோட்டாசான் முன்னிலையிலன்றோ தொல்காப்பியம் அரங்கேறியது! குற்றங்குறையின்றி விளங்கும்படி கேட்டுத் தெளிந்தவர் அவர். நம் முதற்பக்கங்கட்கும் ஓர் அதங்கோட்டாசான் வேண்டும். அவர் பெரும்புலவராயிருக்கத் தேவையில்லை. அம்மென்பொருள் யார்க்கு உரியதோ அவருள் ஒருவரை அமர்த்தி, பக்கத்தைக் கையிற்கொடுத்துவிட்டு, ஆக்கியோன் வாய்பொத்தி அருகிருந்து பார்த்தல் வேண்டும். எவ்விடத்தில் அவர் கண் நின்றுவிடுகின்றதோ அவ்விடம் பிழை. “அதற்கு என்ன பொருளென்றால்” என்று விளக்க வாயெடுக்கத் தோன்றும், எடுக்கலாகாது. விளக்கத் தோன்றிய அச்சொற்களையே பக்கத்தில் எழுதுக.

நன்றாகச் செய்தாரும் நம்மிடை உளர். அவரைப் போற்றாது குறைமட்டும் கூறுதல் முறையன்று. முத்தையா அண்ணாமலை ஆக்கிய ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழியைப் பற்றி அவரே 2009-இல் ஆய்வுரை வெளியிட்டார். பைத்தான் மொழியின்மேல் எழுந்த மொழி அது. அதனுள் புகும் மாணவன் முதலில் எழுதக்கூடியது ‘பதிப்பி’ என்னும் ஒரு சொல்லும், மேற்கோட்குறிக்குள் ஒரு வணக்கமும்; உடனே திரையில் தமிழ் தோன்றும். ‘இன்னது நேர்ந்தால்’ என்னும் கட்டளையில் ‘ஆனால்’ என்னுஞ் சொல், ஆங்கிலம்போல் முன்னே நில்லாது, தமிழியல்புப்படி நிலைமையைக் கூறியபின் நிற்கும். இவ்வொரு சிறப்பைச் சொன்னாலே தமிழாசிரியர் ஒருவர்க்கு அம்மொழியின் நோக்கம் விளங்கிவிடும். பத்துப் பக்க முன்னுரை வேண்டா. 1978-இல் கெர்னிகன், இரிட்சி இருவரும் வெளியிட்ட சி மொழி நூலும் உலகுக்கு வணக்கஞ் சொல்லும் ஒரு சிறு நிரலோடே தொடங்கியது. பின்வந்தார் எல்லாரும் அதனைப் பின்பற்றினர். வந்தவன் கையால் ஒன்றைச் செய்து கண்ணாற் காண்பதே அதன் மறைபொருள்.

2012-இல் தொடங்கிய ‘கணியம்’ இதழும், அதனைச் சார்ந்த த. சீனிவாசன், து. நித்யா ஆகியோர் ‘எளிய தமிழில்’ என்னும் தலைப்பில் எழுதிய நூல்களும் கட்டற்ற மென்பொருளைத் தமிழ் மாணவர்க்கு அறிமுகம் செய்தன. அந்நூல்களில் ஆங்கிலச் சொல் மிகுதி என்று நம் அன்பர் சினப்பர். எமக்கும் அச்சினம் உண்டு. ஆயினும், ஒன்றை எண்ணுக. அவற்றை எழுதியோர் படிப்பவன் எங்கு நிற்கின்றான் என்று பார்த்து, அவ்விடத்திலிருந்து கைபிடித்து அழைத்துச் செல்கின்றனர். நம் தூய நடை முதற்பக்கங்கள் மலையுச்சியில் நின்று ‘ஏறி வா’ என்கின்றன. அவர் நெறியையும் நம் சொல்லையும் சேர்த்து எழுத ஒருவரும் முன்வாராமையே குறை.

சொல்லுக்குப் பஞ்சமும் இல்லை. காதர்பேட்டைக்குத் துணி வரும் தையற்கூடங்களுள் நுழைந்து பார்க்க. தைத்த உடையில் தொங்கும் நூல்முனையையும் இழைத்துகளையும் தொழிலாளர் பிசிர் என்பர்; அதனை வெட்டி நீக்கியபின்னரே உடை அடுக்குக்குப் போகும். நிரலில் பிழையன்றாயினும் தொங்கிக்கொண்டிருக்கும் வேண்டாத முனைகளைக் காட்டிக்கொடுக்கும் கருவிக்கு 1970-களின் இறுதியில் பெல் ஆய்வுக்கூடத்தார் இட்ட பெயரும், துணியின்மேல் ஒட்டும் பஞ்சுத்துகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே. அவர் தம் துணியிலிருந்து சொல்லெடுத்தனர்; நாம் அதனைப் பெயர்க்க ‘நிரல் நிலைப்பகுப்பாய்வி’ என்று நாவுளுக்கும் சொல்லைப் புனைகின்றோம். பிசிர்நீக்கி என்றால் திருப்பூரில் யாருக்கு விளங்காது? இழை, ஒட்டு, முடிச்சு எனக் கணிப்பொறியாளர் வேண்டும் சொற்கள் இன்னும் பல துணியிலேயே கிடக்கின்றன. இது தற்செயலன்று. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரஞ்சு நாட்டுச் சாக்கார்டு துளையிட்ட அட்டைகளால் தறியில் பூவேலையை இயக்கினார். அவ்வட்டை முறையையே பாபேசு தம் கணிப்பொறித் திட்டத்திற்கு எடுத்துக்கொண்டார். தறியிற் பிறந்த கலையைத் தறிநாட்டு மக்கட்கு விளக்கத் தெரியவில்லை என்றால் நகைப்பிற்கிடமன்றோ?

அதே கூடத்தில் புதியவர்க்கு வேலை பழக்கும் முறையையும் காண்க. புதிதாய் வந்தவரைத் தைப்பவர் அருகில் நிறுத்திக் கைமடி வேலை கொடுப்பர். துணியை எடுத்துக் கொடுப்பதும் மடித்து வைப்பதும் அவர் பணி. ‘ஓவர்லாக்’ என்று அவர்கள் வழங்கும் விளிம்புத் தையற்பொறியின் உறுப்புகளை முதல்நாள் எவரும் அவர்க்கு ஒப்புவிப்பதில்லை. முன்துண்டு இது, பின்துண்டு இது, தோளில் இவை சேரும், சேர்ந்தால் இப்படி வரும் என்று முடிந்த உடையொன்றைக் காட்டிவிடுவர். முதல் நாழிகையிலேயே அவர் கையில் ஒரு பயனுள்ள வேலை இருக்கும். நூல் கோக்கும் நுட்பம் பின்னர் வரும். மென்பொருட் பக்கமும் முடிந்த உடையை முதலிற் காட்டவேண்டும். நிறுவும் முறை அடுத்து. உள்ளமைப்பு அதற்கும் பின். வரலாறும் நன்றியுரையும் கடைசியில்.

“வேண்டுபவன் எப்படியும் கற்றுக்கொள்வான், நாங்கள் அப்படித்தான் கற்றோம்” என்பார் சிலர். கற்றவர் தாம் கற்றதை மட்டுமே அறிவர். கல்லாது திரும்பியோரை எண்ணியவர் யார்? “எழுதப் பொழுதில்லை” என்பார் வேறு சிலர். ஒரே வினாவுக்குத் திங்கள்தோறும் பத்துப்பேர்க்கு விடையெழுதப் பொழுதிருக்கும்போது, ஒருமுறை எழுதிவைக்கவா பொழுதில்லை?

எழுதப் புகும் தோழர்க்கு ஒரு சிறு நடைமுறைக் குறிப்பு. தனித்தமிழ் ஆர்வத்தால் அக்கோப்பின் பெயரையே ‘படிக்க’ என மாற்றிவிடுவாரும் உளர். அவ்வாறு மாற்றினால் தளம் அதனை முகப்பில் விரித்துக் காட்டாது. பட்டியலுக்குள் ஒன்றாய் மறைந்து கிடக்கும். கோப்பின் பெயர் பொறிக்கு உரியது, அப்படியே இருக்கட்டும். ஆங்கிலத்தில் எழுதவேண்டிய பகுதி இருப்பின் அதனை வேறு கோப்பில் வைத்து, தமிழ்ப்பக்கத்தின் அடியிலிருந்து அதற்கு வழி காட்டுக. தமிழை அடியிற் போட்டு ஆங்கிலத்தை மேலே வைக்கும் இன்றைய வழக்கத்தைத் திருப்பி வைக்க ஐந்து நொடி போதும்.